பதினைந்தாவது கேக்

எங்கள் அலுவலகத்தில் யார் வேலையை விட்டுப் போனாலும் கேக் செய்து எடுத்து வருவது நான்தான். எங்கள் டென்மார்க் வழக்கப்படி மேசையில் சின்னதாக நாட்டுக்கொடி ஒன்றும் வைப்பேன். இரண்டு வருடத்தில் பதினான்கு கேக். எல்லாரும் விரும்பித்தான் சாப்பிட்டார்கள்.

தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு உதவப் போகும் பெண்களுக்கு, அன்றாடப் பட்டியல் போடுவது என் வேலை. கண் மருந்துக்கு ஐந்து நிமிடம், குளிப்பாட்ட இருபது. சைக்கிளில் போகும் நேரத்தில் எதிர்க்காற்றைச் சேர்க்க மாட்டேன்; அதையெல்லாம் பார்த்தால் வேலை ஓடாது. ஒருத்தி இந்த வேலைக்குத் தோதானவளா என்று தெரிய, அவள் பட்டியலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவேன். தாங்காதவள் மூன்று மாதத்தில் போய்விடுவாள். அவளுக்கும் நல்லதுதானே.

ரிக்கே மட்டும் போகவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் சிரித்த முகமாக வந்து நின்றாள். எண்பத்து மூன்று வயது டோர்கிலுக்கு இன்சுலின் போட்டுவிட்டு, அவரோடு உட்கார்ந்து காப்பியும் குடித்தாள். இந்த வேலை உனக்கு ஒத்துவருகிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

“வேலை நல்லாவே ஒத்துவருது பிர்தே. உங்க பட்டியல்தான் மனுஷங்க யாருக்கும் ஒத்துவரல” என்றாள், எல்லார் முன்னாலும். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, அதை மறைப்பானேன்.

அந்த வாரம் சனி, ஞாயிறு பட்டியலிலிருந்து டோர்கிலின் பெயரை எடுத்தேன். ரிக்கே போன் செய்து கேட்டாள். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். திங்கள் காலை, அந்த இரண்டு நாளிலும் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். அவருக்குக் கொஞ்சம் முடியாமல் போகும், ரிக்கே வரவில்லை என்று மகள் புகார் எழுதுவாள், அவ்வளவுதான் நினைத்தேன். சமையலறைத் தரையில் இறந்து கிடந்தாராம்.

அலுவலக விசாரணையில், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். ரிக்கே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொன்னதாத்தான் ஞாபகம். இல்ல, நானே குழப்பிக்கிட்டேனோ என்னவோ. இப்பல்லாம் ஓடுற ஓட்டத்துல எதுவும் மனசுல நிக்கல” என்று அழுதாள். மறுநாளே வேலையை விட்டாள்.

பட்டியலை மாற்றிய நேரம், போன் பேசிய நேரம், எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். பிறகு எதற்குச் சுற்றி வளைப்பது? டோர்கில் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். ரிக்கேவுக்கும் ஆப்பிள் கேக் செய்தேன், கொடி வைத்தேன். அவள் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. நான்தான் முதலிலேயே கண்டுபிடித்தேனே, அவளுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று.