பொறுப்பாளரின் நாற்காலி

எனக்குப் படி ஏறிப் போவதுதான் பிடிக்கும். நாலைந்து மாடி என்றாலும் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறிவிடுவேன். லிஃப்ட் செய்து விற்கிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்ன லிஃப்டுகள்தான். வீடுகள், கிளினிக்குகள், மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள். எங்கள் மாநிலத்தில் வியாபாரம் திடீரென்று படுத்துவிட்டது. பக்கத்து மாநிலத்தில் கட்டடங்கள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே விற்க வேண்டுமானால் கம்பெனியை அங்கேயும் பதிய வேண்டும். எங்கள் பெயரில் அங்கே ஏற்கெனவே யாரோ கடை நடத்தினார்கள், அதனால் வேறு பெயரில் பதியச் சொன்னார்கள். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஏன் நிம்மதி என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த மாநிலத்திலேயே குடியிருக்கும் ஒருவர் கம்பெனியின் பொறுப்பாளராக இருக்க வேண்டும். வாசலில் பலகை, உள்ளே ஆள். அதிகாரி யார் வந்து கேட்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"விவரம் தெரிஞ்ச ஆளா பாத்துப் போடுங்க சார்," என்றார் ஆடிட்டர். "ஏதாவது ஒண்ணுன்னா முதல்ல அவரைத்தான் புடிப்பாங்க."

அவர் சொன்னதில் பின்பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

என் தங்கை அந்த ஊரில் இருந்தாள். அவள் கணவர் விளம்பரப் பலகை எழுதுகிறவர். கம்ப்யூட்டர் அச்சு வந்தபின் அவரைத் தேடி யாரும் வருவதில்லை. "அண்ணா, வீட்டுல சும்மா உக்காந்து உக்காந்து என் மேல எரிஞ்சு விழறாரு. ஏதாவது வேலை குடேன்," என்று தங்கை போனில் அழுதிருந்தாள். சும்மா உட்காருவதே வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு என்றேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

மாப்பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசல் பலகையை அவரே எழுதினார், லிஃப்டுகளில் மாட்டுகிற பெயர்ப்பலகைகளையும். வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, காலையில் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்துவிடுவார். சொந்த வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டிருப்பாராம். சாப்பிடப் போகும்போது என் தங்கையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"ஈ காக்கா கூட வரலை மச்சான். ஆனா நான் எடத்தை விட்டு நகரலை," என்பார் பெருமையாக. ஒருநாள் மட்டும் கேட்டார், "நம்ம லிஃப்டுல குறை ஒண்ணும் இல்லையே? யாராவது கேட்டா சொல்லணுமே."

"நம்ம வீட்டுப் பொருள் மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க," என்றேன்.

அவரும் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னார்.

பிரேக்கில் ஒரு ஸ்பிரிங் உண்டு. மலிவானதாக வாங்கியிருந்தேன். நாள்பட அது சோர்ந்துவிடும். எங்கள் ஊரில் இரண்டு கட்டடங்களில் லிஃப்ட் நழுவி, ஒருவருக்குக் கால் போயிருந்தது. பேசி முடித்தோம், ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. வியாபாரம் படுத்தது அதனால்தான். இதெல்லாம் மாப்பிள்ளையின் பெயரைப் பதிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கேள்வி கேட்கத் தெரியாத ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது. குடும்பத்திலேயே இருந்தார்.

அங்கே ஒரு கிளினிக்கில் லிஃப்ட் விழுந்தது. ஒரு நர்ஸும், அவள் தள்ளிக்கொண்டு போன நோயாளியும் இறந்துபோனார்கள். போலீஸ் பலகையைப் பார்த்து வந்தது. மாப்பிள்ளை அவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "ஆமாங்க, நான்தான் பொறுப்பு," என்றாராம். அவருக்குக் கடைசியில் ஆள் வந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து என்னிடம் பேசினார். "நம்ம பொருள்ல குறை இருக்காதுன்னு சொல்லியிருக்கேன் மச்சான். நீங்க வந்து ஒரு வார்த்தை வெளக்கிட்டீங்கன்னா விட்டுருவாங்க."

நான் போகவில்லை. நல்ல வக்கீலை அனுப்பினேன். பராமரிப்பைக் கவனிக்காதது உள்ளூர்ப் பொறுப்பாளரின் தவறு என்று அவர் வாதாடினார். கம்பெனி அபராதத்தோடு தப்பியது. மாப்பிள்ளை சிறைக்குப் போனார். மற்ற லிஃப்டுகளில் ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். மாற்றினால் குறை இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். நியாயமாகப் பட்டது.

அப்புறம் தங்கையைப் பார்க்கப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு அசட்டையா இருந்து உன் பேரையும் கெடுத்துட்டாரு. மன்னிச்சிரு அண்ணா."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை நினைவுக்கு வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன். நான் வெட்கம் கெட்டவன் இல்லை. அப்போதே சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "இனிமே அந்த நாற்காலியில நான் உக்காரறேன். நான் கவனமா பாத்துக்கறேன்," என்றாள். பொறுப்பாளர் இல்லாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். சரி என்றேன்.

மறுநாள் கையெழுத்துப் போடப் போனோம். பதிவு அலுவலகம் நான்காவது மாடியில். கீழே லிஃப்ட் கதவில் அவள் கணவர் கையால் எழுதிய எங்கள் பெயர்ப்பலகை.

"அண்ணா, நம்ம லிஃப்ட்!" என்று அதைத் தடவிப் பார்த்தாள்.

"நீ ஏறும்மா. என்னை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

கதவு மூடியது. நான் படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, மேலே போகும் சத்தம் சீராக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். மேலே கதவு திறந்து அவள் இறங்குகிற சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கூடப் பிறந்தவள் மேல் எனக்கு அத்தனை பாசம்.