கொடுக்கிற வீடு

அன்று பிற்பகல் வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி தனம், சமையலுக்கு வரும் பச்சையம்மாள். வேறு யாரும் இல்லை. மழை விட்டு நல்ல வெயில். மலை உச்சி வரை தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, இன்ஸ்பெக்டர். நானாகத்தான் வந்திருக்கிறேன். ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி இருக்கிறது எங்கள் தெரு. அநேகமாக எல்லா மாடியிலும் சோலார் தகடு உண்டு. ஒரு வீட்டில் மிஞ்சுகிற மின்சாரம் குறைகிற வீட்டுக்குத் தானாகப் போகும். விலை தெருவே வைத்தது. தெருவுக்கும் மிஞ்சினால் மின்வாரியத்துக்கு விற்போம். யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஒரு திரை காட்டிக்கொண்டே இருக்கும். ஒளிவுமறைவு கூடாதென்று அந்தத் திரையைக் கேட்டு வைத்ததே நான்தான்.

இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த பிள்ளை இளஞ்செழியன் முதல் கூட்டத்திலேயே கேட்டான். "ஐயா, வாங்குற பக்கத்தையும் தொறந்து வெச்சிடலாங்களா? அவசரத்துக்கு வேணும்ல."

"எங்க வூடு குடுக்குற வூடு தம்பி. வாங்குற வூடு இல்ல" என்றேன். தெருவே கைதட்டியது.

அது வாய்ச்சவடால் இல்லை. ஊரில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் போகாத நிலம் கிடையாது. அடுத்தவன் கிணற்றில் நாங்கள் ஒரு குடம் எடுத்ததில்லை. அந்தக் கிணற்று மேட்டில் கூலிக்கு நின்றவனுடைய மகன்தான் வல்லரசு. என் மகள் நந்தினி அவனைக் கட்டிக்கொண்டு போனாள். போனவள் தூரமாகப் போயிருக்கலாம். இரண்டு பேரும் சம்பாதித்து, எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டை வாங்கினார்கள். என் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினேன். மிதிக்கவில்லை.

தனத்துக்கு நுரையீரல் கெட்டு, ஆக்ஸிஜன் மெஷின் வீட்டுக்கே வந்தது. அப்போது இளஞ்செழியன் வாங்கும் பக்கத்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனான். அது தேவைப்படாது என்று விட்டுவிட்டேன்.

புயல் மழையில் கம்பங்கள் சாய்ந்தன. வாரியத்து கரண்ட் நின்றது. தெரு பேட்டரிகளில் ஓடியது. இளஞ்செழியன் போனில் கெஞ்சினான். "ஐயா, உங்க பேட்டரி ரொம்பக் கம்மியாயிடுச்சு. குடுக்கறத நிறுத்திடுங்க. அம்மா மெஷினுக்கு வேணும்." கொடுப்பவர் வரிசையில் அப்பாசாமி என்ற என் பெயர் முதலில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. பேட்டரியும், கையிருப்பில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரும் அந்த நாட்களில் தீர்ந்தன. வெயில் வந்ததே என்பீர்கள். வீட்டு முகப்பில் என் தகப்பனார் பெயர் பொறித்து உயரமாக ஒரு வளைவு கட்டியிருக்கிறேன். பிற்பகலில் அதன் நிழல் எங்கள் தகடுகளின் மேல்தான் விழும்.

பால் வாங்கப் போன பச்சையம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஐயா, நம்ம வூட்டுக்கு நந்தினி பாப்பா வூட்லேர்ந்து கரண்டு வருதாம். கோயிலாண்ட திரையில போட்டுக்கீது. எல்லாரும் நின்னு பாக்குறாங்க."

தனம் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. "வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீங்களே. ஒயரு வழியா வந்துட்டா பாருங்க."

வேறு வழி உண்டா என்று நிதானமாக யோசித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரைதான் நின்றது. நான் கேட்டு வைத்த திரை. அதன் முன்னால் தெரு.

பச்சையம்மாளை மாடித் துணிகளை எடுத்துவர அனுப்பினேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து, வாங்கும் பக்கத்து சுவிட்சைத் தட்டி அணைத்தேன். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னாங்க, மெஷினு நின்னுபோச்சே."

"கரண்டு போயிடுச்சு. வந்துடும்."

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "பாப்பா வூட்ல மிக்ஸி ஓடுதே."

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தவள். என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. பச்சையம்மாள் கதவைத் தட்டினாள், பிறகு இடித்தாள். முடிந்த பிறகு திறந்தேன். உடலை வைத்த குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தேன்.

நந்தினி தெருமுனையிலேயே நின்று அழுதாள். உள்ளே விடவில்லை. ஏற்பாடே கெட்டுவிட்டது, தன்னால்தான் உயிர் போயிற்று என்று இளஞ்செழியன் என் காலில் விழுந்தான். ஆறுதல் சொல்லி எழுப்பிவிட்டேன். சாதனம் பழுது என்று ஊர் பேசியதையும் நான் மறுக்கவில்லை. அதில் குடும்பத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் இப்போது டீக்கடையில் வேறு மாதிரி பேசுகிறார்கள். அப்பாசாமி பெண்டாட்டி கடைசி மூச்சை வல்லரசு வீட்டுக் கரண்டில்தான் விட்டாள் என்கிறார்கள். அது பொய். அதற்கு முன்பே நான் அணைத்துவிட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.