அண்ணன் அனுப்பின ஆள்

ஹலோ... மச்சான், ஆத்மநாதன் பேசுறேன்... ஆமா, அன்னவாசல்லேர்ந்துதான்... இல்ல மச்சான், நல்லா இல்ல. ஒங்க தங்கச்சி அடுப்படிக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா... உள்ள அடுப்பு எரியுது. சட்டியில எண்ணெய் காயுது...

ஆமா, ஆமா, தட்டிப் பாத்துட்டேன். என்னய யாருன்னே தெரியல. யாரோ ஒருத்தன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு நெனைக்கிறா... வெளையாடல மச்சான். முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்துனவனப் பாத்து, "யாருய்யா நீ, வெளிய போ"ங்குறா.

ஒடைக்கவா... தோளால ஒரு இடி இடிச்சேன். ஒடனே அருவாமனையத் தூக்கிக்கிட்டா. பின்பக்கத்து சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்... சிலிண்டரும் உள்ளதான் இருக்கு... ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிட்டேன். வர இருவது நிமிஷமாவுமாம். அதுக்குள்ள எண்ணெய் பத்திக்கிரும்.

எதுக்கா... காலையிலேர்ந்து ஸ்கூல் டூர், ஸ்கூல் டூர்ங்குறா. அறுவது பிள்ளைங்கள சித்தன்னவாசல் கூட்டிட்டுப் போகணுமாம், புளிச்சோறு கட்டணுமாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ ரிட்டயராயி மூணு வருசமாச்சு, ஏண்டி உசுர வாங்குற"ன்னு கத்திட்டேன்... அப்ப ஒரு பார்வ பாத்தா மச்சான். அதுலேர்ந்து நான் அவளுக்கு யாரோ.

இல்ல... வயசானா எல்லாருக்கும் மறக்கும்னு இன்னமும் சொல்லாதீங்க. திருச்சியில டாக்டரு ஸ்கேனெல்லாம் பாத்துட்டுத்தான் சொன்னாரு. இது அல்சைமர். மூளை கொஞ்சங்கொஞ்சமாச் சுருங்குதாம். பிடிவாதம் இல்ல, திமிரும் இல்ல. ரெண்டு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சு அவள வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்... அழல. பொகை வருது.

மச்சான், நான் சொல்றதக் கேளுங்க. ஒங்க குரல் அவளுக்குத் தெரியும். நேத்துக்கூட "வீரய்யாண்ணன் வரலையா"ன்னு கேட்டா. ஸ்பீக்கர்ல போட்டு சன்னல்ல வைக்கிறேன், பேசுங்க... வேணாம், வேணாம். நான் அவ புருசன்னு மட்டும் சொல்லிறாதீங்க. இன்னும் மெரளுவா. அவ நிக்கிற எடத்துக்கு நாமதான் போகணும், இங்கிட்டு இழுக்கக் கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் கேக்கல... நீங்க அனுப்பின ஆளுன்னு சொல்லுங்க. டூருக்கு பஸ்ஸு கொண்டாந்திருக்கான், நல்ல மனுசன்னு சொல்லுங்க... பொய்தான். பொய்யாவே இருக்கட்டும். ஒங்க கால்ல வேணாலும் விழுறேன் மச்சான், சொல்லுங்க.

இந்தா, வச்சுட்டேன்... ம்... சத்தமா... திரும்பிப் பாக்குறா... ஆமா, ஒங்களத்தான் கேக்குறா... விடாதீங்க, பேசுங்க... பிள்ளைங்களப் பத்திக் கேளுங்க... அருவாமனையக் கீழ வச்சுட்டா... இப்ப அடுப்ப அணைக்கச் சொல்லுங்க... அதட்டாதீங்க, மெதுவா... மெதுவா...

அணைச்சுட்டா.

மச்சான்... அணைச்சுட்டா.

தாழ்ப்பாளத் தொறக்குறா. லைன்லேயே இருங்க... வணக்கம் டீச்சர்... ஆமாங்க, ஒங்க அண்ணன்தான் அனுப்புனாரு... பஸ் நிக்குதுங்க, ஒண்ணும் அவசரமில்ல... இங்கிட்டு வந்து ஒக்காருங்க, கொஞ்சம் காத்து வரட்டும்... கையக் காட்டுங்க... லேசாத்தான் சுட்டிருக்கு. தண்ணியில வைங்க... அப்படித்தான்.

ஹலோ... இருக்கேன் மச்சான். வாசப்பக்கம் ஒக்காந்திருக்கா... நீங்க எதுக்கு அழுவுறீங்க... சரி... சரி, நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாங்க. ரெண்டு நாள் கூட இருங்க. நான் ஒருத்தனாப் பாக்க முடியல, அதான் உண்மை... குணமாகாதாம். மாத்திரை கொஞ்ச நாளைக்குத் தாங்குமாம், அம்புட்டுத்தான்... ஒங்களுக்கும் வருமாவா... கூடப்பொறந்தவளுக்கு வந்தா ஒங்களுக்கும் வந்தே தீரும்னு இல்லயாம். வரவே வராமத் தடுக்க நிச்சயமா ஒரு வழியும் இல்லன்னாரு. ஆனா சுகரு, பிரஷரக் கட்டுல வைக்கணும், நடக்கணும், காது மந்தமானா மிசின் மாட்டணும், நாலு பேரோட பேசிப் பழகணும். அப்படி இருந்தா வர்ற வாய்ப்புக் கொறையுமாம்... நீங்க சுகர் மாத்திரையப் பாதி நாளு விட்டுர்றீங்கன்னு ஒங்க வீட்டுல அக்கா சொல்றாங்க. விடாதீங்க மச்சான். இன்னொரு வீட்டுல இதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

கூப்புடுறா... வச்சுறாதீங்க, ஒரு நிமிஷம்...

சொல்லுங்க டீச்சர்... இல்லங்க, கெளம்பல... யாரு... ஓ... எங்க போயிருக்காருங்க அவரு... ம்... தனியா இருக்கப் பயமா இருக்கா... சாயங்காலத்துக்குள்ள வந்துருவாருங்களா... நல்ல மனுசன்தானா... எப்பயாச்சும் கத்துவாரா...

சரிங்க டீச்சர். ஒங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். எங்கயும் போக மாட்டேன்.

மச்சான்... வச்சிடுறேன்.