உள்ளறையில் இருந்தவர்

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. திலக் நகரின் பின்சந்தில் ஒரு நாய்கூட இல்லை... சாருலதா மட்டும் குடையை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

அவள் குடியிருப்பது மாட்டுங்காவில். இங்கே இரண்டாவது மாடியில் இருந்த ஃபிளாட்டை நகுல் என்ற விக்ரோலிப் பையனுக்குப் பதினொரு மாத அக்ரிமெண்டில் விட்டிருந்தாள். ஒருத்தர் மட்டும்தான் தங்கலாம் என்று எழுதிக் கையெழுத்து. ஆனால் அந்தக் கட்டிடத்தின் சொசைட்டி செக்ரட்டரி போன் செய்திருந்தார். பையன் ஆபீஸ் போன பிறகும் உள்ளே யாரோ இருமுகிறார்களாம்.

உள்வாடகை. வேறென்ன? முறைப்படி முந்தின நாளே தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

நகுல் கதவைத் திறந்தான். சமையலறைத் தரையில் பாய் விரித்திருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. நீலகிரித் தைல வாசனை...

"உள்ள யாரு?"

"தாத்தா தூங்கறார் மாமி. மெதுவா..."

"எந்தத் தாத்தா? ஒருத்தன்னுதானே எழுதிக் குடுத்தே?"

அவன் விழித்தான். "நான் வந்த அன்னிக்கே அவர் இருந்தாரே மாமி! உங்க ஆளுன்னு நினைச்சேன். அதான் ரூமை அவருக்கு விட்டுட்டு, அஞ்சு மாசமா கிச்சன்ல படுக்கறேன்."

நன்றாகத்தான் கதை கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. ஜன்னலில் கம்பி. வேறு வழியே கிடையாது. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். தலையணை நடுவில் குழிந்திருந்தது. தொட்டாள்... சூடு.

"எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

நகுல் காலிக் கட்டிலையே பார்த்தான். வாசல்வரை பின்வாங்கினான். அதுவும் நடிப்பென்றே அவளுக்குப் பட்டது. ஒரு மாத நோட்டீஸ் என்றாள். அவன் அரை மணிகூட இருக்கவில்லை. பையைக் கட்டினான், சாவியை அவள் கையில் வைத்தான், இறங்கி ஓடினான்.

குளியலறை, பரண், அலமாரி... எல்லாம் துழாவினாள். ஒன்றுமில்லை. ஆள் முன்னமே நழுவியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை நுழைத்தாள்...

டக்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள். ஏன் தட்டினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

வெறுங்கால்கள்... தரையில் தேய்ந்து தேய்ந்து... கதவருகே வந்து நின்றன. பிறகு ஒரு கிழட்டுக் குரல், சந்தேகத்தோடு:

"யாரு? வாடகைக்கா?"