கூப்பிட்ட ராஜா

சீட்டாட்டத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் இல்லை, ஐயா. பொறுமைசாலி, அவ்வளவுதான். எங்கள் மாகாணத்தில் ஆடும் டாரக் என்ற சீட்டாட்டத்தில் அதற்கு மதிப்பு உண்டு. நான்கு பேர் உட்காருவோம். ஏலம் எடுத்தவன் தன் கையில் இல்லாத ராஜா ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அது யாரிடம் இருக்கிறதோ அவன் அந்த ஆட்டம் முழுக்க இவன் கட்சி. ஆனால் வாயால் சொல்லக் கூடாது, சீட்டை இறக்கித்தான் காட்ட வேண்டும். அதுவரை மேசையில் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்தான். நான் கடைசிச் சுற்றுவரை இறக்க மாட்டேன். "ராஜாவை அடைகாக்கிறியாய்யா காஸ்பர், குஞ்சு பொரிக்குமா?" என்று வின்சென்ஸ் கிண்டல் செய்வார்.

வின்சென்ஸ் ஓபர்மோசர் ரயில் தொழிலாளி, சிவப்புக் கட்சிக்காரர். நான் மர அறுவை ஆலை வைத்திருப்பவன், கிறிஸ்தவக் கட்சிக்காரன். இருவருக்கும் ஊர் ஹோல்ஸ்பாக். லின்ஸ் சட்டமன்றத்தில் எதிரெதிர் வரிசை. அங்கே அவர் என்னை மெழுகுவர்த்தி முழுங்கி என்பார். கடவுள் ஆறு நாள் ஓய்வில்லாமல் வேலை பார்த்ததற்கே இவர் வழக்குப் போடுவார் என்று நான் சொல்வேன். சாயங்காலம் ஒரே மேசையில் பீர் குடிப்போம்.

வியன்னாவில் எங்கள் கட்சி அரசு பாராளுமன்றத்தை மூடிய பிறகு அந்த மேசை பலர் கண்ணை உறுத்தியது. நடைக்கூடத்தில் நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். எங்கள் தலைவர் டாக்டர் ஹேமர்லே கைகுலுக்கும்போதெல்லாம் என் சிவப்புக் கூட்டாளியின் சுகத்தை விசாரிப்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்கு அன்றிரவு தூக்கம் வராது.

முப்பத்திநாலாம் வருடம் பிப்ரவரியில் லின்ஸில் அரசுக்கும் சிவப்புக் கட்சிக்கும் சண்டை மூண்டதே, அன்று காலை வின்சென்ஸ் என் ஆலைக்குப் பின்கதவு வழியாக வந்தார். எங்கள் ஊரில் அவருடைய ஆட்கள் ரயில் நிலையத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். "நம்ம பசங்கள நான் அடக்கி வச்சிருக்கேன். உங்க தலைவருக்கு ஒரு போன் போட்டு, பட்டாளம் வராமப் பாத்துக்கய்யா" என்றார். நான் போனைச் சுற்றினேன். லைன் கிடைக்கவில்லை, காத்திருக்கலாம் என்றேன். சும்மா எதற்கு உட்கார வேண்டும் என்று இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தைப் போட்டோம். மத்தியானம் நிலையத்துப் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் அந்தச் சூட்டில் போலீஸ்காரர் ஒருவர் செத்திருந்தார்.

லைன் கிடைத்தது, ஐயா. எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் வின்சென்ஸின் இருமல் ஊரறிந்த இருமல். அது அவள் காதில் விழுந்தால் மாலைக்குள் லின்ஸ் வரை போய்விடும். அதனால் வைத்துவிட்டேன். என் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சுட்டது வின்சென்ஸ்தான் என்று யாரோ சொல்ல, ராணுவச் சட்ட நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். விசாரணைக்கு முந்தின நாள் அவர் மனைவி நோட்புர்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அவரு உங்ககிட்டதானே வந்தாரு? மத்தியானம் வரைக்கும் இங்கதானே இருந்தாரு? கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உயிர் தப்பிடும்."

"என்கிட்ட யாரும் வரலையேம்மா" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். அவளை டாக்டர் ஹேமர்லே அனுப்பியிருக்கலாம், என் வாயைக் கிளறிப் பார்ப்பதற்கு. அப்படியும் நினைக்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் தோன்றியது. ஊரே பற்றி எரியும்போது வின்சென்ஸ் ஏன் என்னிடம் வர வேண்டும்? பின்னால் சாட்சிக்கு ஆகும் என்றுதான் வந்தாரோ? நண்பன் என்று நம்பினேன். மனசு வலித்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், டாக்டர் ஹேமர்லேக்குப் பக்கத்தில். அன்று எங்கே இருந்தாய் என்று வின்சென்ஸைக் கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் எங்க இருந்தேன்னு ஒருத்தருக்குத் தெரியும். பேர் சொல்லி அவர் பொழப்பக் கெடுக்க மாட்டேன். அவராச் சொல்லட்டும். நான் ராஜாவைக் கூப்பிட்டாச்சு."

நீதிபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டாடத் தெரிந்த நாலு பேர் சிரித்தார்கள். டாக்டர் ஹேமர்லே சிரிக்கவில்லை, வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. நான் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். எப்படியும் கருணை மனு இருக்கிறது, சில வருடச் சிறையோடு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலையே தூக்கில் போட்டார்கள்.

நான் கல்மனசுக்காரன் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் நோட்புர்கா வீட்டுக்கு ஒரு வண்டி விறகு அனுப்பினேன். போர்க்காலத்தில்கூட நிறுத்தவில்லை. அவள் ஒரு கட்டையைக்கூட எடுக்கவில்லை. வேலியோரம் அப்படியே மக்கிக் கிடக்கிறது, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

இப்போது போர் முடிந்து சட்டமன்றம் மறுபடியும் கூடப் போகிறது. என் பெயரையும் வேட்பாளராகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்புர்கா உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் சொல்வதெல்லாம் உண்மை. அன்று மத்தியானம்வரை வின்சென்ஸ் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் சுடவில்லை. ஒரு வார்த்தையில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையில் துரோகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ராஜாவைக் கையில் வைத்திருப்பவன் அவசரப்படக் கூடாது, அது ஆட்டத்தின் விதி. இதோ, இறக்கிவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா, நான் கடைசிவரை அவர் கட்சிதான்.