சைக்கிள் அறையின் திறப்பு

ஒலிபெருக்கி ஒத்துழைக்காதபோதும் ஒரு சொல் கடிந்து பேசாமல் இந்த அவையை நடத்திச் செல்லும் எங்கள் குடியிருப்போர் மன்றத் தலைவர் தில்லையம்பலம் அவர்களே, முன்வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே, கம்பளிச் சட்டைக்கு மேலே சேலை உடுத்தி வந்திருக்கும் தாய்மார்களே, வாசலிலே கழற்றிய சப்பாத்து திரும்பிப் போகும்போதும் அங்கேயே இருக்குமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புடையீர், உங்கள் அனைவருக்கும் பதினேழாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஜெயமலரின் வணக்கம்.

சென் ஜேம்ஸ் ரவுணிலே, இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலே, துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலே ஓர் அறை வெறுமையாகக் கிடக்கிறது. அதை நம் மன்றத்துக்குத் தர நிர்வாகம் இணங்கிவிட்டது. எதற்கு வைத்துக்கொள்வது என்று இன்று கை உயர்த்தித் தீர்மானிக்கப் போகிறோம். விழாச் சாமான்கள் வைக்கலாம் என்பது தலைவரின் விருப்பம். சைக்கிள்கள் வைக்கலாம் என்பது என் விண்ணப்பம்.

சைக்கிளா? இந்தக் குளிரிலா? நீங்கள் கேட்க முன்னரே எமில்டா அன்ரி கேட்டுவிட்டார். போன கிழமை லிப்ற்றுக்குள் வைத்து, "ஊரிலைதான் சைக்கிள் எண்டால், கனடாவுக்கு வந்தும் சைக்கிளோ பிள்ளை? ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்?" என்றார். அன்ரி, ஞாயிறு அதிகாலையில் என்னைப் பார்ப்பதற்கு வீதியிலே ஆட்கள் இல்லை.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கிழக்கே, குயின் வீதிக்கு அப்பால், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில், ஊரிலே ரீச்சராக இருந்த நான், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலை ஆறரைக்கு நான் அடுப்படியில் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு நாற்பது பேருக்கு முன்னால் கஞ்சி நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலக்கீழ் ரயில் கண் விழிப்பதே ஒன்பது மணிக்கு. பஸ்ஸை நம்பினால் நாற்பது கிழவர்களும் பட்டினி. பின் யாரை நம்புவது? இரண்டு சில்லுகளை நம்பினேன்.

மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தர வேலைக்குக் கடிதம் தருவோம் என்றார்கள். அது வெறும் கடிதமா? கொழும்பிலே ஒரு லொட்ஜ் அறையிலே என் கணவர் காத்திருந்தார். அந்தக் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு சேர்த்துப் போட்டால் அவரை இங்கே கூப்பிடுவது சுலபம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். எனக்கு அது கடிதமல்ல, கணவர்.

ஆனால் மூன்று முறை பிந்தினால் வேலை இல்லை என்பதும் அங்கே விதி. நான் இரண்டு முறை பிந்திவிட்டேன். லிப்ற்றில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள் அல்லவா? அதனால் இரவிலே சைக்கிள் வாசல் கம்பியிலேதான் குளிரில் விறைக்கும். முதல் முறை பூட்டு உறைந்து திறப்பு உள்ளே போகவில்லை. இரண்டாம் முறை பனி தள்ளும் வண்டி வீதிப் பனி முழுவதையும் வழித்து என் சைக்கிளின் மேல் குவித்துவிட்டுப் போயிருந்தது. சட்டி கழுவும் கையாலே சைக்கிளைத் தோண்டி எடுத்தேன்.

சிரியுங்கள். இன்றைக்கு நானும் சிரிக்கிறேன்.

மூன்றாம் முறைக்கு வருகிறேன். ஆறாம் மாடியில் இருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த களைப்போடும் யாருடைய பிறேக்கையாவது பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். வீதிக்குக் கொட்டும் உப்பிலே என் சங்கிலி துருவேறிக் கீச்சிடுவதைக் கேட்டுவிட்டார். யாழ்ப்பாணத்திலே மெஷின் எண்ணெய் வராத நாட்களில் நாமெல்லாம் சங்கிலிக்கு என்ன விட்டோம்? ஓம், பின்வரிசையில் சரியாகச் சொல்கிறீர்கள். தேங்காய் எண்ணெய்.

அந்தச் சனி பின்னேரம் அண்ணை எண்ணெய்ப் போத்தலை ஹீற்றரில் வைத்து உருக்கி, சூடு ஆறாமல் கோட்டுக்குள்ளே வைத்துக் கொண்டுபோய், கொட்டும் பனியில் குந்தியிருந்து, சங்கிலிக்கும் பின்சில்லுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதானே அவருடைய பழக்கம்.

அன்றிரவு வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை குளிர்.

ஞாயிறு காலை சங்கிலி வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தேன். ஷேர்போர்ன் வீதி இறக்கம் அல்லவா? சைக்கிள் தானாகவே ஓடியது. குயின் வீதியில் திரும்பி மிதித்தேன். பெடல் சுற்றுகிறது, சங்கிலி சுற்றுகிறது, சில்லை மட்டும் அது இழுக்கவில்லை. பின்சில்லுக்குள்ளே எண்ணெய் மெழுகாக இறுகி, சில்லைப் பிடித்து இழுக்கும் பல்லுகளை ஒட்டிவிட்டது. வேகம் குறைந்து தடுமாறிய முன்சில்லு ஸ்ரீற்கார் தண்டவாளத்து இடுக்கிலே இறங்கியது. நான் பனிக்கட்டியிலே இறங்கினேன்.

விழுந்த இடத்தில் என் மூக்குக்கு நேரே சங்கிலி. ஒரு மணம். என்ன மணம் தெரியுமா? என் தலையணையின் மணம். யாருடைய வேலை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வழுக்கும் வீதியிலே, வாட்டும் வாடையிலே, வலிக்கும் முழங்காலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். நாற்பது நிமிடம் பிந்தினேன். மேற்பார்வை அம்மா ஜமேக்கா நாட்டுக்காரி, கெட்டவரல்ல. "நாளைக்குக் காலை என் அறைக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் திரும்பி வரும்போது அண்ணை இதே வாசலில் நின்றார். "எப்பிடித் தங்கச்சி, இப்ப சத்தமில்லாமல் ஓடுதே?" என்று கேட்டார். எவ்வளவு ஆசையோடு கேட்டார். நான் என்ன சொன்னேன்? ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, "உங்களாலை என்ரை வேலை போச்சுது. இனி என்ரை சைக்கிளிலை கை வைக்காதேங்கோ" என்றேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் மேற்பார்வை அம்மாவின் அறைக்குப் போனேன். எனக்கு முன்னரே ஒருவர் அங்கே நிற்கிறார். தோளிலே பனி, கையிலே போத்தல். இடம் எப்படித் தெரிந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டார், இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலே நடந்து வந்திருக்க வேண்டும். கோட்டுக்குள்ளே வைக்காமல் கையிலே பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார், எண்ணெய் உறைய வேண்டும் என்பதற்காக.

போத்தலின் மூடியைக் கழற்றினார். மேசைக்கு மேலே தலைகீழாகப் பிடித்தார். அந்த அம்மா பதறிக் கடதாசிகளை இழுத்துக்கொண்டார். ஒரு சொட்டும் விழவில்லை.

"மை ஒயில். மை மிஸ்டேக். லேடி நோ மிஸ்டேக்."

அவ்வளவுதான் அவருடைய ஆங்கிலம். அந்த அம்மா போத்தலை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார், மோந்தார், சிரித்தார். தன் தாயும் இதைத்தான் தலைக்கு வைத்து விடுவாராம். மூன்றாவது பிந்தலை வெட்டிவிட்டார். வைகாசியில் எனக்குக் கடிதம் வந்தது. மார்கழியில் கடிதத்தின் காரணம் வந்தது. அதோ, கடைசி வரிசையிலே, மூன்று கிழமையாகக் கோட்டைக் கழற்றாமல் இருக்கிறாரே, அவர்தான்.

நான் அவையோரை வினவுகிறேன். அந்த எண்ணெய் உறைந்தது யார் குற்றம்? அன்பு வைத்தவர் குற்றமா? சைக்கிளை வெளியிலே கட்டி வைத்த வழக்கத்தின் குற்றமா? ஒரு கூரை இருந்திருந்தால், ஒரு கதவு இருந்திருந்தால், ஒரு ஹீற்றர் இருந்திருந்தால், பூட்டு உறைந்திருக்குமா? சில்லு புதைந்திருக்குமா? எண்ணெய் இறுகியிருக்குமா? வாசல் கம்பியிலே இன்று பதினொரு சைக்கிள்கள் நிற்கின்றன. வரும்போது எண்ணிக்கொண்டு வந்தேன். அந்தப் பதினொன்றுக்கும் பின்னால் பதினொரு வேலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் கொழும்பிலோ வன்னியிலோ ஒருவர் நிற்கிறார்.

"அப்ப என்ரை ஒலிபெருக்கியை எங்கை வைக்கிறது ரீச்சர்?" என்று தலைவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் வீட்டு நடு அறையில் வையுங்கள் ஐயா. திரைச்சீலையும் கதிரையும் வரட்டும். நாங்கள் ஒதுங்கிப் படுக்கிறோம். ஒலிபெருக்கி குளிரிலே விழுந்து முழங்கால் உடைத்துக்கொள்ளாது.

கடைசியாக ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு கிறிஸ்துநாயகம் அண்ணை யாருடைய சைக்கிளையும் தொட்டதில்லை. கவனித்தீர்களா? நான் கவனித்தேன். ஒரு வருடமாகக் கவனித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் என் பிழையில்லை என்று சொல்ல ஒரு மணித்தியாலம் நடந்தார். அவர் பிழையில்லை என்று சொல்ல எனக்குப் பதினொரு மாடி இறங்க மனம் வரவில்லை.

அண்ணை, நீங்கள் எழும்ப வேண்டாம், இருங்கள். ஐந்தாறு பேர் கேட்கச் சொன்னதை இன்று இருநூறு பேர் கேட்கத் திரும்ப எடுக்கிறேன். என்ரை சைக்கிளிலை கை வையுங்கோ.

அவையோரே, அறையைச் சைக்கிளுக்குத் தருவதென்றால் கையை உயர்த்துங்கள். அறை கிடைத்தால் திறப்பை அவர் கையிலே கொடுங்கள். மெஷின் எண்ணெய் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நேரம் காது தந்த பெரியோருக்கும், சிரிப்புத் தந்த தாய்மாருக்கும், ஒலிவாங்கியைப் பறிக்காத தலைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போகும்போது படிகளிலே பனிக்கட்டி இருக்கிறது, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். வணக்கம்.