சீமைக் கலப்பையும் ஒரு புடவையும்

பட்டணம் போகும் ரயிலில், அம்பத்தூரில் கத்தரிக்காய்க் கூடைகளோடு ஏறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"சீமையிலேர்ந்து தர்மமா வந்த இரும்புக் கலப்பை மேல என் பொஞ்சாதி பொடவ காயப் போடுறா, மச்சான்" என்றார் மூத்தவர்.

"ஏன், உழலையா?"

"சேத்துல எறக்கினா கலப்பையும் முழுகுது, மாடும் முழுகுது. இத்தக் குடுத்தா நம்ம தரித்திரம் பூடும்னு சொன்னவரு பொருளாதாரம் படிச்ச பெரிய தொரையாம். நேத்து ஊருக்கே வந்துட்டாரு. இன்னும் இன்னா வோணும்னாரு."

"இன்னா கேட்டீங்க?"

"ஒண்ணும் வாணாம் தொர, கோடையில ஊர் கூடி நாங்களே ஏரியத் தூர் வாரிக்கினு இருந்தோம். இப்ப மண்வெட்டி வெச்சா அபராதம்ன்றாங்க உங்க சர்க்காருல. அந்த உத்தரவ மட்டும் எடுத்துடுங்கன்னோம்."

"எழுதிக்கினாரா?"

"எழுதிக்கினாரு. கூட வந்த குமாஸ்தாதான் படிச்சுச் சொன்னாரு. இந்த ஊருக்கு இன்னும் நாலு கலப்பைன்னு எழுதிக் கீதாம்."

இளையவர் கூடையைத் தட்டிச் சிரித்தார்.

"நாலு கலப்பையா? காயப் போட அக்காகிட்ட நாலு பொடவ கீதா?"

"மாத்துப் பொடவ ஒண்ணு கீது" என்றார் மூத்தவர்.